நிலத்தடி அடைக்கலம்: கரியமில வாயுச் சேமிப்பும் தலைமுறைப் பொறுப்பும்

முன்னுரை

கொடுத்தவரும் பெற்றவரும், தீங்கு செய்தவரும் தீங்குற்றவரும் ஒரே காலத்தில் வாழ்பவர்கள் என்னும் நிலையை அடிப்படையாகக் கொண்டே நடைமுறை அறம் பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளது. கடன் பட்டவர் கடன் கொடுத்தவரை அறிவார். வாக்களித்தவர் வாக்குப் பெற்றவரின் முகத்தைக் கண்டிருப்பார். இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்த தொழில்நுட்பங்கள் சில இந்நிலையை மாற்றிவிட்டன. ஒரு செயலின் பயனை அதனைச் செய்தவர் நுகர, அதன் சுமையை நூற்றாண்டுகள் கழித்துப் பிறப்பவர் ஏற்கும் சூழல் இன்று உருவாகியுள்ளது.

புவி வெப்பமாதலுக்குத் தலையாய காரணமான கரியமில வாயுவை ஆலைகளிலேயே பிடித்து, அழுத்தி, எண்ணெயும் எரிவாயுவும் எடுத்து முடிக்கப்பட்ட நிலத்தடி வயல்களுக்குள் செலுத்தி மூடிவைக்கும் முறை அத்தகைய தொழில்நுட்பங்களுள் ஒன்றாகும். பொறியியலார் இதன் பாதுகாப்பையும் செலவையும் ஆராய்ந்துள்ளனர். சூழலியலார் இதன் தேவையையும் பயனையும் விவாதித்துள்ளனர். அறவியல் நோக்கில் முதலில் எழுப்பத்தக்க வினா வேறு. இச்செயல் சேமித்தலா, கழித்தலா, அன்றி வேறொன்றா? மூடியவுடன் மூடியவரின் பொறுப்பும் நிறைவுறுகிறதா? தமிழ் மரபு போற்றிவரும் அடைக்கலம் என்னும் கருத்தாக்கத்தின் துணைகொண்டு இவ்வினாக்களுக்கு விடைகாண இக்கட்டுரை முயல்கிறது.

செயல்முறையின் இயல்பு

எண்ணெயும் எரிவாயுவும் நிலத்தடியில் குளம்போல் தேங்கிக் கிடப்பன அல்ல. மணற்பாறை, சுண்ணாம்புப் பாறை ஆகியவற்றின் நுண்துளைகளில் அவை நிறைந்துள்ளன. அவற்றின் மேல் களிப்பாறையோ உப்புப் படிவமோ மூடிபோல் அமைந்து, அவை மேலெழாமல் தடுக்கிறது. பல ஆண்டுகள் எண்ணெயோ எரிவாயுவோ எடுக்கப்பட்ட பின்னர் அவ்வயலின் அழுத்தம் குறைகிறது. அவ்வாறு அழுத்தம் குறைந்த நுண்துளைகளில் கரியமில வாயுவை நிறைப்பதே இம்முறையின் அடிப்படையாகும். ஏறத்தாழ 800 மீட்டருக்குக் கீழுள்ள ஆழத்தில் நிலவும் வெப்பமும் அழுத்தமும் கரியமில வாயுவை நீர்மத்தை ஒத்த அடர்த்தி உடையதாக்குகின்றன. எனவே சிறிய இடத்தில் பெருமளவு வாயுவை வைக்க இயல்கிறது.

உள்ளே சென்ற வாயு நான்கு வகையில் தங்குகிறது. மூடுபாறையின் கீழ் அது தடுத்து நிறுத்தப்படுகிறது. நுண்துளைகளில் சிறு குமிழிகளாகச் சிக்கிக்கொள்கிறது. பாறையிடை நீரில் கரைகிறது. நெடுங்காலத்தில் கனிமங்களோடு வினைபுரிந்து கல்லாகிறது. இவற்றுள் முதலாவது உடனே நிகழ்வது. இறுதியானது மிக மெதுவாக நிகழ்வது. ஆகவே தொடக்க நூற்றாண்டுகளில் மூடுபாறையின் உறுதியும் கிணறுகளின் உறுதியுமே காவலாக அமைகின்றன.

இம்முறை கற்பனைத் திட்டமன்று. நார்வேயின் சிலைப்னர் வயலில் 1996 முதல் உப்புநீர்ப் படுகை ஒன்றில் கரியமில வாயு செலுத்தப்பட்டு வந்துள்ளது. நெதர்லாந்தின் கடற்பகுதியிலுள்ள கே12-பி எரிவாயு வயலில் 2004இலும், ஆஸ்திரேலியாவின் ஓட்வே பகுதியில் வற்றிய எரிவாயு வயலொன்றில் 2008இலும் இப்பணி தொடங்கியது. பிரான்சின் தென்மேற்கே ரூஸ் என்னுமிடத்தில் ஏறத்தாழ 4,500 மீட்டர் ஆழத்திலுள்ள வற்றிய வயலில் 2010 முதல் 2013 வரை 51,000 டன் அளவிற்குச் செலுத்தப்பட்டது. காலநிலை மாற்றம் குறித்த பன்னாட்டு அரசுகளின் குழு 2005இல் வெளியிட்ட சிறப்பறிக்கை, நன்கு தேர்ந்தெடுத்து முறையாகப் பேணப்படும் இடங்களில் செலுத்தப்பட்ட வாயுவில் 99 விழுக்காட்டிற்கு மேல் 1,000 ஆண்டுகள் தங்கியிருக்கக் கூடும் என மதிப்பிட்டது. இம்மதிப்பீட்டிலுள்ள ‘நன்கு தேர்ந்தெடுத்து’, ‘முறையாகப் பேணப்படும்’ என்னும் இரு நிபந்தனைகளும் பாறையின் இயல்பைச் சுட்டுவன அல்ல, மனிதரின் ஒழுக்கத்தைச் சுட்டுவன என்பது கருதத்தக்கது. அறவியல் வினா இங்கிருந்தே தொடங்குகிறது.

சொல்லும் பொருளும்

இச்செயலுக்கு வழங்கும் சொற்களை நோக்குவது பயனுடையது. தமிழில் இதனைச் ‘சேமிப்பு’ என வழங்குகின்றனர். சேமம் என்னும் சொல் நலம், காப்பு என்னும் பொருள்களை உடையது. நெல்லைச் சேமிப்பவர் பின்னர் அதனை எடுத்து உண்பர். பொருளைச் சேமிப்பவர் வேண்டும்போது செலவிடுவர். மீண்டும் எடுக்கும் நோக்கம் சேமிப்பு என்னும் சொல்லுக்குள் அடங்கியுள்ளது. நிலத்தடியில் செலுத்தப்படும் கரியமில வாயுவோ என்றும் வெளிவரலாகாது என்னும் நோக்கத்துடன் வைக்கப்படுவது. ஆகவே சேமிப்பு என்னும் சொல் இங்கு முழுதும் பொருந்துவதாக இல்லை.

‘புதைப்பு’ என்னும் சொல்லும் குறைபாடு உடையதே. புதைத்தல் என்பது முடிந்துபோன ஒன்றை மண்ணிடம் ஒப்படைத்து அகலுதலைக் குறிக்கிறது. குப்பையைப் புதைப்பவர் அதனை மறப்பதற்காகவே புதைக்கிறார். மறக்கப்பட்ட கழிவு பெரும்பாலும் மட்கி மண்ணாகும். மூடுபாறையின் கீழுள்ள வாயு உடனே மட்குவதும் மறைவதும் இல்லை. அது அழுத்தத்துடன் நிற்கிறது. வழி கிடைத்தால் மேலெழும் இயல்பு உடையது. எனவே இதனை மறத்தற்குரிய பொருளாகக் கருத இயலாது.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘சீக்வெஸ்ட்ரேஷன்’ என்னும் சொல்லின் வேர் இங்கு நோக்கத்தக்கது. இலத்தீனில் ‘செக்வெஸ்டர்’ என்பது இருவர் வழக்காடும் பொருளை வழக்கு முடியும்வரை காத்து வைத்திருக்கும் பொதுவான மூன்றாமவரைக் குறித்த சொல்லாகும். அப்பொருளை அவர் தம்முடையதாகக் கொள்ளார். அதேபொழுது அதனைக் கைவிடவும் அவருக்கு உரிமையில்லை. ஒருவரிடம் ஒப்படைத்துக் காக்கச் செய்தல் என்னும் கருத்து இத்தொழில்நுட்பத்தின் பெயரிலேயே உறைந்துள்ளது. பொறியியல் வழக்கில் அப்பொருள் மங்கிவிட்டது எனலாம். தமிழில் அக்கருத்துக்கு மிக நெருங்கிய சொல் அடைக்கலம் என்பதாகும்.

அடைக்கலம் என்னும் அறம்

அடைக்கலத்தின் இலக்கணத்தைச் சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் அமைந்துள்ள அடைக்கலக் காதை நிகழ்ச்சியாகவே காட்டுகிறது. கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குல மூதாட்டியாகிய மாதரியிடம் ஒப்படைக்கிறார். அவ்வொப்படைப்பில் மூன்று கூறுகளைக் காணலாம். முதலாவதாக, ஏற்பவர் யார் என்பது ஒப்படைப்பவருக்குத் தெரிகிறது. அவருடைய இயல்பை அறிந்தே கவுந்தி அவரைத் தேர்கிறார். இரண்டாவதாக, ஒப்படைக்கப்படுவது எத்தகையது என்பதும், அடைக்கலம் காத்தலின் பெருமையும் ஏற்பவருக்கு விரித்துரைக்கப்படுகின்றன. மூன்றாவதாக, மாதரி மனமுவந்து அதனை ஏற்றுக்கொள்கிறார்.

நான்காவது கூறு காப்பியத்தின் பிற்பகுதியில் வெளிப்படுகிறது. கோவலன் கொலையுண்டு மதுரை எரிந்த பின்னர், அடைக்கலத்தைக் காக்க இயலாத துயரால் மாதரி தீயில் புகுந்ததையும், கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததையும் வஞ்சிக் காண்டத்தில் மாடலன் சேரன் செங்குட்டுவனிடம் எடுத்துரைக்கிறான். நிகழ்ந்த தீங்கிற்கு அவ்விருவரும் காரணர் அல்லர். எனினும் ஏற்றவர் மட்டுமின்றி ஒப்படைத்தவரும் அத்தீங்கைத் தம்முடையதாகக் கொண்டனர். ஒப்படைத்ததனால் தம் பொறுப்பு முடிந்துவிட்டது என்று கவுந்தி கருதவில்லை. அடைக்கலம் பொறுப்பைக் கைமாற்றுவதில்லை. அதனைப் பகிர்ந்து விரிவாக்குகிறது என்பதே இதனால் பெறப்படும் கருத்தாகும்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். கண்ணகி போற்றத்தக்கவள், கரியமில வாயுவோ வேண்டாத கழிவு. கழிவை அடைக்கலப் பொருளாகக் கொள்ளுதல் பொருந்துமா? இவ்வையத்திற்கு விடை, உண்மையில் ஒப்படைக்கப்படுவது எது என்று நோக்குவதில் உள்ளது. எதிர்காலத்தவரிடம் தரப்படுவது வாயு என்பதைக் காட்டிலும் வாயு மூடப்பட்டிருக்கும் நிலை என்பதே சரியாகும். அந்நிலை குலையாதிருக்கும்வரை வளிமண்டலம் அவ்வளவில் காக்கப்படுகிறது. அது குலையுமாயின் இன்றைய தலைமுறை பெற்ற நற்பெயர் மட்டுமின்றி நாளைய தலைமுறையின் வாழ்வும் கெடும். ஆகவே அடைக்கலமாக வைக்கப்படுவது காப்பு என்னும் நிலையே ஆகும். அது விலைமதிப்புடையது, காவலின்றி நில்லாதது.

இசைவு என்னும் கூறு

அடைக்கலத்திற்கு ஏற்பவரின் இசைவு இன்றியமையாதது. இக்கூற்றை நெதர்லாந்தில் நிகழ்ந்த இரு திட்டங்களின் வரலாறு தெளிவாக்குகிறது.

ரோட்டர்டாம் நகரை அடுத்துள்ளது பாரன்ட்ரெக்ட் என்னும் சிறுநகரம். அந்நகரின் அடியில் இரு எரிவாயு வயல்கள் உள்ளன. பெர்னிஸ் சுத்திகரிப்பு ஆலையில் பிடிக்கப்படும் கரியமில வாயுவை அவ்வயல்களில் நிறைக்க ஷெல் நிறுவனம் முன்வந்தது. இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 1 கோடி டன் வாயுவை வைக்கலாம் எனக் கணிக்கப்பட்டது. வல்லுநர்கள் இடர் மிகக் குறைவு என்றனர். 2009 நவம்பரில் அமைச்சர்கள் இசைவளித்தனர். நகராட்சியும் மக்களும் எதிர்த்தனர். இறுதியில் 2010 நவம்பரில் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது.

இவ்வெதிர்ப்பை அறியாமையின் விளைவு என்று ஒதுக்கிவிட இயலாது. தம் வீடுகளின் அடியில் செய்யப்படும் ஒன்றைக் குறித்துத் தமக்கு அறிவிக்கப்பட்டதே அன்றித் தம்மிடம் கேட்கப்படவில்லை என்பது அம்மக்களின் குறையாக இருந்தது. அறிவித்தல் வேறு, கேட்டல் வேறு. அறிவிப்பில் முடிவு முன்னரே எடுக்கப்பட்டுவிடுகிறது; கேட்டலில் மறுப்புக்கும் இடமுண்டு. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2012 ஆகஸ்டில், அந்நாட்டின் வடக்கேயுள்ள குரோனிங்கன் எரிவாயு வயற்பகுதியில் எரிவாயு எடுத்ததன் விளைவாக 3.6 அளவுடைய நிலநடுக்கம் ஏற்பட்டது. அவ்வயலிலிருந்து எரிவாயு எடுப்பது 2023 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. குரோனிங்கன் மக்களின் நலன் தொடர்ந்து புறக்கணிக்கப்பட்டது என்று நாடாளுமன்ற விசாரணைக் குழு அதே ஆண்டில் கூறியது. நிலத்தடியைக் குறித்து மேலிடத்தார் தரும் உறுதிமொழியை ஐயுற மக்களுக்குக் காரணம் உண்டு என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

பாரன்ட்ரெக்ட் திட்டம் கைவிடப்பட்ட பின்னர்ச் சேமிப்பு முயற்சி நிலத்திலிருந்து கடலுக்கு நகர்ந்தது. போர்த்தோஸ் என்னும் திட்டம் ரோட்டர்டாம் துறைமுக ஆலைகளின் கரியமில வாயுவைக் கரையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், வடகடலின் அடித்தரைக்குக் கீழ் 3,000 மீட்டருக்கும் மிகுந்த ஆழத்திலுள்ள வற்றிய எரிவாயு வயல்களுக்குக் கொண்டுசெல்ல வகுக்கப்பட்டது. ஆண்டிற்கு 25 இலட்சம் டன் வீதம் 15 ஆண்டுகளில் ஏறத்தாழ 3 கோடியே 70 இலட்சம் டன் வாயுவை வைப்பது அதன் நோக்கம். 2023 அக்டோபரில் அதற்கான இறுதி முதலீட்டு முடிவு எடுக்கப்பட்டது.

கடலுக்கு நகர்ந்தமையால் இசைவுச் சிக்கல் தீர்ந்துவிட்டதாகத் தோன்றும். கடலடியில் குடியிருப்போர் இல்லை; எதிர்ப்போரும் இல்லை. ஆழ்ந்து நோக்கின், சிக்கல் தீரவில்லை. பார்வையிலிருந்து மறைந்தது என்பதே உண்மை. பாரன்ட்ரெக்ட் மக்கள் இடத்தால் அருகில் இருந்தனர். ஆதலால் அவர்களால் பேச முடிந்தது. காவற்பொறுப்பின் பெரும்பகுதியை ஏற்கவேண்டிய பிற்காலத்தவர் இன்னும் பிறக்கவில்லை; ஆதலால் அவர்களால் பேச முடியவில்லை. பேச இயலாமையை இசைவாகக் கொள்ளுதல் அறமாகாது. இடத்தால் அருகிலிருப்போரின் மறுப்புக்கு அஞ்சிக் காலத்தால் தொலைவிலிருப்போரின் மௌனத்தை நாடுவது எளிய வழி. அவ்வெளிமையே அதனை ஐயத்திற்குரியதாக்குகிறது. மக்கள் வாழும் நகரின் அடியைவிடக் கடலடி பாதுகாப்பானது என்பது ஏற்கத்தக்க காரணம். அங்கே கேட்பாரில்லை என்பது ஏற்கத்தக்க காரணமன்று. இவ்விரு காரணங்களும் ஒரே முடிவுக்குக் கொண்டுசெல்வதால் அவற்றைப் பிரித்தறிதல் கடினமாகிறது.

அறிவு என்னும் கூறு

கோடிக்கணக்கான ஆண்டுகள் எரிவாயுவைக் கசியவிடாது காத்த பாறை கரியமில வாயுவையும் காக்கும் என்பது இம்முறையின் ஆதரவாளர் கூறும் வலிமையான வாதம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகள் காத்தது துளைக்கப்படாத பாறை. இன்று அங்கிருப்பது துளைக்கப்பட்ட பாறை. ஓர் எண்ணெய் வயலில் கிணறுகள் பல இருக்கும். அவற்றுள் சில பல பத்தாண்டுகளுக்கு முன் தோண்டப்பட்டவை. எஃகுக் குழாயும் சிமெண்டுமே அவற்றை அடைத்து நிற்கின்றன. பாறையின் வயது கோடி ஆண்டுகளாயினும், அடைப்பின் வயது ஒரு மனித வாழ்நாளைத் தாண்டாது. காவலின் வலிமை அதன் மிக மெலிந்த கூற்றைப் பொறுத்தது.

இதற்கு அமெரிக்க நாட்டு நிகழ்ச்சியொன்று சான்றாகும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அருகிலுள்ள அலிசோ கேன்யன் என்னும் வற்றிய எண்ணெய் வயல் 1970களில் எரிவாயுச் சேமிப்பு இடமாக மாற்றப்பட்டது. 1953இல் தோண்டப்பட்ட கிணறொன்றின் குழாய் அரிக்கப்பட்டு உடைந்ததனால் 2015 அக்டோபர் முதல் 2016 பிப்ரவரி வரை ஏறத்தாழ 97,000 டன் மீத்தேன் வெளியேறியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அங்கு வைக்கப்பட்டிருந்தது கரியமில வாயு அன்று. அங்குப் பாறையும் பிழைக்கவில்லை. பழைய கிணறே பிழைத்தது. வற்றிய வயலைப் பயன்படுத்துவோர் அவ்வயலை மட்டுமின்றி அதன் வரலாற்றையும் சேர்த்தே ஏற்கின்றனர் என்பது இதனால் புலனாகிறது.

ஏற்பவருக்கு அறிவித்தல் அடைக்கலத்தின் கூறு என்பது மேலே கூறப்பட்டது. அவ்வறிவிப்பு இல்லாதபோது நேர்வதை மிசிசிப்பி மாநிலத்தின் சட்டார்ஷியா என்னும் சிற்றூர் காட்டியது. 2020 பிப்ரவரியில் அவ்வூருக்கு அருகே கரியமில வாயுக் குழாய் உடைந்தது. உயிரிழப்பு நேரவில்லை, ஆயினும் 45 பேர் மருத்துவமனையை நாடினர், ஏறத்தாழ 200 பேர் வெளியேற்றப்பட்டனர். உதவிக்கு விரைந்த உள்ளூர்ப் பணியாளர்களுக்கு அக்குழாயின் தனித்த இடர் முன்னரே எடுத்துரைக்கப்படவில்லை என்று பின்னர் நடந்த அரசு விசாரணை கண்டது. ஒரே காலத்தில் ஒரே மொழி பேசி வாழ்வோரிடையேயும் செய்தி சென்று சேரவில்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பின் வாழ்வோருக்கு எந்தக் கிணறு எங்குள்ளது, எவ்வளவு வாயு எந்த ஆழத்தில் உள்ளது என்னும் செய்தியைக் கொண்டுசேர்ப்பது எளிதன்று. ஆவணம் பேணுதல் இங்கு அலுவலகப் பணி மட்டுமன்று, அறக்கடமையும் ஆகும்.

இதற்கு மாறாக, விழிப்புடன் காத்தலின் பயனை அல்ஜீரியாவின் இன் சாலா திட்டம் காட்டுகிறது. அங்கு 2004இல் தொடங்கிய வாயுச் செலுத்தல், மூடுபாறையின் உறுதி குறித்து எழுந்த ஐயத்தால் 2011இல் நிறுத்தப்பட்டது. நிலப்பரப்பு சில மில்லிமீட்டர் அளவிற்கு உயர்ந்ததைச் செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டியிருந்தன. கண்காணிப்பு இருந்தமையால் ஐயம் எழுந்தது. ஐயம் எழுந்தமையால் செயல் நின்றது. கண்காணிப்பவர் இல்லாத காலத்தில் இத்தகைய ஐயம் எழுவதற்கே இடமில்லை.

இருபது ஆண்டும் ஆயிரம் ஆண்டும்

பொறுப்பு எவ்வளவு காலம் யாரிடம் நிற்கவேண்டும் என்பது அடுத்த வினாவாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் இயற்றிய நெறிமுறை இதற்கு ஒரு விடை தருகிறது. வயல் மூடப்பட்ட பின்னர், வாயு முழுமையாகவும் நிலையாகவும் அடங்கியுள்ளது என்பதற்குச் சான்றுகள் இருப்பின், பொதுவாகக் குறைந்தது 20 ஆண்டுகள் கழித்துப் பொறுப்பை நிறுவனத்திடமிருந்து அரசு ஏற்கலாம். அவ்வாறு ஏற்கும் முன் குறைந்தது 30 ஆண்டுக் கண்காணிப்புச் செலவை ஈடுசெய்யும் தொகையை நிறுவனம் செலுத்தவேண்டும். தரவுகளை மறைத்தல், கவனக்குறைவு போன்ற குற்றங்கள் பின்னர் வெளிப்படின், ஏற்படும் செலவை நிறுவனத்திடமிருந்து அரசு பெறலாம்.

இவ்விதி நடைமுறை அறிவு வாய்ந்தது. நிறுவனங்கள் நெடுங்காலம் நிலைப்பன அல்ல. அரசு ஒப்பீட்டளவில் நிலைபேறு உடையது. ஆகவே காவலை அரசிடம் மாற்றுதல் பொருத்தமே. காவலை மாற்றுதல் வேறு, பொறுப்பை முடித்தல் வேறு என்னும் வேறுபாடு இங்கு மறைந்துவிடக் கூடாது. 1,000 ஆண்டுகள் தங்கவேண்டும் என எதிர்பார்க்கப்படும் ஒன்றிற்கு 30 ஆண்டுச் செலவைக் கணக்கிட்டுத் தருதல், எஞ்சிய 970 ஆண்டுகளின் சுமையைப் பிறக்காதவர்மேல் ஏற்றுவதாகும். முதல் சில பத்தாண்டுகளைக் கடந்தபின் அழுத்தம் தணிந்து இடரும் படிப்படியாகக் குறையும் என்பர். அது பொதுவாக உண்மையே. குறையும் இடர் இல்லாத இடராகிவிடாது. இலாபம் ஈட்டியவர் ஒரு தலைமுறைக்குள் விடுபட, ஈட்டாதவர் தலைமுறைதோறும் காவல் நிற்கும் ஏற்பாட்டில் நடுவுநிலைமை இல்லை.

ஹான்ஸ் யோனாஸ் என்னும் ஜெர்மானிய மெய்யியலார் 1979இல் வெளியிட்ட பொறுப்பு நெறி பற்றிய நூலில், தொழில்நுட்ப ஆற்றல் வளர்ந்த அளவிற்கு அறக்கடமையின் கால எல்லையும் விரியவேண்டும் என வாதிட்டார். ஆற்றல் எவ்வளவு தொலைவு செல்கிறதோ பொறுப்பும் அவ்வளவு தொலைவு செல்லவேண்டும் என்பது அவ்வாதத்தின் சாரம். 1,000 ஆண்டு எட்டும் செயலுக்கு 30 ஆண்டு எட்டும் பொறுப்பு ஈடாகாது என்பது இதனாலும் வலுப்பெறுகிறது.

எதிர்வாதங்கள்

மேற்கூறியவற்றிற்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும்.

முதலாவது: நிலத்தடியில் வைக்கப்படாத வாயு வளிமண்டலத்தில் கலக்கிறது, அதில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே தங்குகிறது, அதுவும் பிறக்காதவர்மேல் அவர்தம் இசைவின்றி ஏற்றப்படும் சுமையே. இம்மறுப்பு வலிமையானது. நிலத்தடி அடைக்கலத்தில் இழப்பு நேரக்கூடும் என்பது ஓர் இடர்; வளிமண்டலத்தில் விடுவதோ உறுதியான தீங்கு. எனவே விடுவதைவிட வைப்பது மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்றைவிட மேலானது என்பதனாலேயே ஒரு செயல் தன்னளவில் நிறைவுடையதாகிவிடாது. கடனைத் திருப்பித் தராதவரைவிடத் தவணை கேட்பவர் மேலானவர். தவணை கேட்டவர் கடனை அடைத்தவராகிவிடார்.

இரண்டாவது மறுப்பு மெய்யியல் சார்ந்தது. டெரக் பார்ஃபிட் 1984இல் எழுதிய நூலில் ஒரு சிக்கலை எழுப்பினார். இன்றைய கொள்கை முடிவுகள் எதிர்காலத்தில் யார் பிறப்பர் என்பதையே மாற்றிவிடும். வேறு முடிவு எடுக்கப்பட்டிருந்தால் அவர்களுக்குப் பதிலாக வேறு சிலர் பிறந்திருப்பர். தம் பிறப்புக்கே காரணமான முடிவு தமக்குத் தீங்கிழைத்தது என்று அவர்கள் எவ்வாறு குறைகூற இயலும்? தீங்குற்ற ஒரு குறிப்பிட்ட மனிதரை அடிப்படையாகக் கொண்ட அறத்திற்கு இது கடினமான வினா. அடைக்கல அறத்திற்கு அத்துணைக் கடினமானதன்று. காவலிடத்தில் நிற்பவர் யாராயினும் அவருக்குரிய கடமை உண்டு என்பதே இங்கு அடிப்படை. கலங்கரை விளக்கைப் பேணுபவர் அவ்வழியே வரும் மாலுமியின் பெயரை அறியார். பெயர் அறியாமையால் விளக்கை அணைக்கும் உரிமை அவருக்குக் கிடைப்பதில்லை. நிலத்தின் மேல் நிற்கப்போகிறவர் யார் என்பது தெரியாதிருக்கலாம். அங்கு யாரேனும் நிற்பர் என்பது தெரியும். கடமைக்கு அதுவே போதுமானது.

மூன்றாவது: எதிர்காலத்தவர் செல்வத்திலும் அறிவிலும் மிக்கவராய் இருப்பர், அவர்களுக்கு இச்சுமை எளிதாகும் என்பர். இது எதிர்பார்ப்பே அன்றி உறுதியன்று. அவ்வாறே நிகழ்ந்தாலும், வலியவர்மேல் சுமையை ஏற்றுதற்கு அவர் வலியவர் என்பது மட்டும் உரிமை தாராது. வலிமை சுமையைத் தாங்குதற்குரிய தகுதி, சுமத்துவோருக்குரிய நியாயமன்று.

வைத்தலும் நிறுத்தலும்

இதுவரை கூறப்பட்டவை வைக்கப்படும் முறை பற்றியவை. எந்நோக்கத்திற்காக வைக்கப்படுகிறது என்பதும் நோக்கத்தக்கது. வற்றும் நிலையிலுள்ள எண்ணெய் வயலில் கரியமில வாயுவைச் செலுத்தினால், எஞ்சியுள்ள எண்ணெய் இளகி வெளிவருகிறது. டெக்சாஸ் மாநிலத்தில் 1972 முதல் இம்முறை பெருமளவில் கையாளப்பட்டு வருகிறது. கனடாவின் வேபர்ன் வயலில் 2000 முதல், வட டகோட்டா மாநில ஆலையொன்றிலிருந்து ஏறத்தாழ 320 கிலோமீட்டர் குழாய் வழியே வரும் வாயு இவ்வாறு செலுத்தப்பட்டுள்ளது. இங்கு ஒரே செயல் வாயுவை உள்ளே வைக்கிறது. எரிக்கத்தக்க எண்ணெயை வெளியே கொணர்கிறது.

அமெரிக்கச் சட்டம் இவ்விரு நோக்கங்களையும் ஒருகாலத்தில் வேறுபடுத்தியது. 2022இல் இயற்றப்பட்ட சட்டம் நிலத்தடியில் வைப்பதற்கு மட்டும் டன்னுக்கு 85 டாலர் வரையும், எண்ணெய் எடுக்கப் பயன்படுத்துவதற்கு 60 டாலர் வரையும் வரிச்சலுகை அளித்தது. 2025இல் இயற்றப்பட்ட சட்டம் அவ்வேறுபாட்டை நீக்கி இரண்டையும் ஒருநிலைப்படுத்தியது. அடைக்கலம் வைப்பதும், வைப்பதாகிய செயலைக் கொண்டே மேலும் ஈட்டுவதும் சட்டத்தின் முன் ஒன்றாயின. அறத்தின் முன் அவை ஒன்றல்ல.

இவ்வினா இந்தியாவிற்கும் உரியது. குஜராத்தின் கோயலி சுத்திகரிப்பு ஆலையில் வெளிப்படும் கரியமில வாயுவைக் காந்தார் எண்ணெய் வயலில் செலுத்தி எண்ணெய் எடுப்பை மிகுவிப்பதற்கு இந்தியன் ஆயில் நிறுவனமும் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகமும் 2019இல் புரிந்துணர்வு உடன்பாடு செய்துகொண்டன. நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை கரியமில வாயுவைப் பிடித்தல், பயன்படுத்தல், சேமித்தல் ஆகியவற்றிற்கான கொள்கைச் சட்டகத்தை முன்வைத்தது. வாழ்வுத் தேவைக்காக வெளியிடப்படும் வாயுவையும் இன்ப நுகர்வுக்காக வெளியிடப்படும் வாயுவையும் ஒன்றாக எண்ணலாகாது என்று ஹென்றி ஷூ என்னும் மெய்யியலார் 1993இல் வாதிட்டார். அவ்வேறுபாடு வளரும் நாடுகளுக்கு ஓரளவு நியாயம் வழங்குகிறது. ஆயினும் அது நாடுகளுக்கு இடையிலான நியாயமே. காந்தார் வயலின் மேல் நாளை வாழப்போகும் உழவருக்கு இன்றைய நாடுகளின் வாதம் விடையாகாது. இங்குத் திட்டங்கள் தொடக்க நிலையில் உள்ளமையால், கேட்டல், அறிவித்தல், பொருள் ஒதுக்கல் ஆகியவற்றை முதலிலேயே வகுத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. பாரன்ட்ரெக்டில் அவ்வாய்ப்பு நழுவவிடப்பட்டது.

முடிவுரை

வற்றிய வயல்களில் கரியமில வாயுவை வைத்தல், மீண்டும் எடுத்துக்கொள்ளும் சேமிப்பும் அன்று; வைத்து மறக்கும் புதைப்பும் அன்று. அது பிறக்காதவரிடம் வைக்கப்படும் அடைக்கலம் ஆகும். அடைக்கலம் எனக் கொள்ளின் அதற்குரிய கடமைகளும் உடன் வருகின்றன. அருகில் வாழ்வோரிடம் உண்மையாகக் கேட்டல் வேண்டும். பிறக்காதவரின் பொருட்டு இன்று பேசுவோரை அமர்த்துதல் வேண்டும். கிணறுகளின் வரலாறும் வாயுவின் அளவும் காலம் கடந்து படிக்கத்தக்க வகையில் எழுதிவைக்கப்படல் வேண்டும். காவலுக்குரிய பொருள் காவலின் கால அளவிற்கு ஈடாக ஒதுக்கப்படல் வேண்டும். காவல் கைமாறினும் வைத்தவரின் பொறுப்பு தொடர்தல் வேண்டும்.

இவற்றினும் முதன்மையான கடமை ஒன்றுண்டு. அடைக்கலம் இடர்ப்பட்ட காலத்துக்குரிய ஏற்பாடு. கவுந்தி கண்ணகியை ஒருமுறை, ஒரு நெருக்கடியில், வேறு வழியின்றி ஒப்படைத்தார். நாள்தோறும் ஒருவர் மற்றவர் வாயிலில் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருப்பாராயின் அதனை யாரும் அடைக்கலம் என அழையார். வைக்கும் அளவு ஆண்டுதோறும் குறைந்துவருமாறு எரித்தலைக் குறைப்பவருக்கே அடைக்கலம் என்னும் சொல்லைக் கையாளும் தகுதி உண்டு. அவ்வாறு குறைக்காதவர் எத்துணை ஆழத்தில் வைப்பினும், எத்துணை உறுதியாக மூடினும், அவர் வைத்தது சுமையே ஆகும்.